சாகசமாம் சாகசம்!

வெளிநாட்டுல படிக்கப் போனவங்க சொல்ற கதைகள்ல டோக்கியோ கதைக்குன்னு ஒரு தனி ருசி உண்டு. கடைசி ரயிலைத் தவற விட்டுட்டு விடிய விடிய நடந்தே ரூமுக்குப் போன கதை. குப்பைப் பையில எச்சரிக்கை ஸ்டிக்கர் ஒட்டி, எடுக்காம விட்டுட்டுப் போன கதை. ராத்திரி ரெண்டு மணிக்குக் கடையில சிக்கன் பொரிச்சுக்கிட்டு இருக்கும்போது தரை ஆடின கதை. சொல்றவன் சிரிப்பான், கேக்கறவனும் சிரிப்பான். கடைசியில யாராவது ஒருத்தன் "என்னா சாகசம்டா!"ன்னு சொல்லி முடிச்சு வைப்பான்.

சண்டை அந்தக் கதைகளோட இல்ல. அந்தக் கடைசி வார்த்தையோடதான்.

சாகசம்னா என்ன? வேணும்னா போகலாம், வேணாம்னா வீட்ல படுத்துத் தூங்கலாம். மலை ஏறுறவன் மூச்சு வாங்கினா பாதியில இறங்கிடலாம், யாரும் கேக்க மாட்டாங்க. கடன் வாங்கி டோக்கியோ போய் இறங்கின பையன் பாதியில இறங்க முடியுமா? ஒரு நாள் லீவு போட்டா அந்த மாச வாடகை இடிக்கும். வகுப்புக்கு வராத நாள் சேர்ந்தா விசா இடிக்கும். தேர்ந்தெடுக்க வழியே இல்லாத ஒண்ணுக்குச் சாகசம்னு பேர் வச்சா, அதுல யாருக்கோ லாபம் இருக்குன்னு அர்த்தம்.

முதல்ல நியாயத்தைச் சொல்லிடணும். சில விஷயங்கள் நிஜமாவே தமாஷ்தான். டோக்கியோவில குப்பை போடுறதே ஒரு தனிப் பாடத்திட்டம். எரியற குப்பைக்கு ஒரு கிழமை, எரியாத குப்பைக்கு ஒரு கிழமை, பாட்டில் டின்னுக்கு வேற கிழமை. பிளாஸ்டிக் பாட்டில்னா மூடியைக் கழட்டணும், மேல ஒட்டின லேபிளை உரிக்கணும், கழுவணும், அப்புறம்தான் அதுக்குக் குப்பைங்கிற அந்தஸ்தே கிடைக்கும். பெரும்பாலான இடத்துல காலைல எட்டு மணிக்குள்ள கொண்டு போய் வைக்கணும். ஒரு பழைய நாற்காலியைத் தூக்கிப் போடணும்னாக்கூட காசு குடுத்து ஒரு ஸ்டிக்கர் வாங்கி ஒட்டணும். (பழைய பேப்பர்காரர் தராசோட வந்து, காசும் குடுத்து எடுத்துட்டுப் போற ஊர்லேர்ந்து போனவனுக்கு இது எப்படி இருக்கும்!) சைவம்னு சொல்லி நூடுல்ஸ் வாங்கினா கறித்துண்டு இருக்காது, ஆனா அந்தச் சாறே காய வச்ச மீனைச் சீவிப் போட்டுக் காய்ச்சினதா இருக்கும். சாயங்காலம் சூப்பர் மார்க்கெட்டுல சாப்பாட்டு டப்பா மேல பாதி விலை ஸ்டிக்கர் ஒட்ட ஒரு ஊழியர் வருவாரு. அவர் பின்னாடியே, சும்மா வேடிக்கை பாக்கற மாதிரி, நாலு பேர் நடப்பாங்க. இதையெல்லாம் சிரிச்சுட்டுப் போயிடலாம், தப்பே இல்ல.

சிரிப்பு நிக்கிற இடம் வீட்டு வாசல்.

டோக்கியோவில வாடகைக்கு ரூம் எடுக்கணும்னா அட்வான்ஸ் மட்டும் குடுத்தாப் போதாது. ரெய்கின்னு ஒண்ணு உண்டு. வீடு குடுத்ததுக்காக வீட்டுக்காரருக்கு நன்றிக் காணிக்கை, திரும்பி வராது. எல்லா வீட்டுக்கும் கேக்கறதில்ல, ஆனா கேட்டா வழக்கமா ஒரு மாச வாடகை. புரோக்கருக்கு ஒரு மாச வாடகை வரைக்கும். ஜாமீனுக்கு ஜப்பானியர் யாரும் இல்லாதவன் உத்தரவாதக் கம்பெனின்னு ஒண்ணுக்குப் பணம் கட்டணும். அது பாதி வாடகையிலேர்ந்து ஒரு முழு வாடகை வரைக்கும் போகும். அம்பதாயிரம் யென் வாடகைக்குப் பழைய ரூம் ஒண்ணு கிடைச்சா, சாவி கைக்கு வர்றதுக்குள்ள ரெண்டு லட்சம் யென் காணாமப் போயிருக்கும். வணிகவியல் படிக்கிறவங்க எந்தத் தலைப்புல இதை எழுதுவாங்கன்னு யோசிச்சுப் பாக்கலாம். டெபாசிட் சொத்துப் பக்கம் போகும். ரெய்கின்? நன்கொடையா, லஞ்சமா, நட்டமா?

அதுவும் ரூம் குடுத்தாத்தானே. ஜப்பான் நீதி அமைச்சகமே வெளிநாட்டவர்கள்கிட்ட ஒரு கணக்கெடுப்பு நடத்தி 2017ல முடிவை வெளியிட்டது. அதுக்கு முந்தின 5 வருஷத்துல வீடு தேடினவங்கள்ல 39.3 சதவீதம் பேர், வெளிநாட்டவர்ங்கிற காரணத்துக்காகவே மறுக்கப்பட்டதாச் சொல்லியிருந்தாங்க. நூத்துக்கு நாப்பது பேர் மூஞ்சிக்கு நேரா கதவு சாத்தப்பட்டிருக்கு. இதுவும் கதை சொல்றப்போ "பதினோராவது வீட்லதான் மச்சி ஓகே ஆச்சு"ன்னு ஜோக்கா மாறிடுது. பத்து வீட்டுக்காரங்களுக்கு இதைவிட நல்ல வக்கீல் கிடைக்க மாட்டான்.

இப்ப முக்கியமான கணக்குக்கு வரலாம். படிக்கிற விசாவுல இருக்கறவங்க தனி அனுமதி வாங்கிட்டு வேலை செய்யலாம். வாரத்துக்கு 28 மணி நேரம். எந்தக் கிழமையிலேர்ந்து எண்ண ஆரம்பிச்சாலும் ஏழு நாள்ல 28ஐத் தாண்டக் கூடாது. ரெண்டு கடையில வேலை பார்த்தா ரெண்டும் சேர்த்துத்தான் 28. நீண்ட விடுமுறையில மட்டும் நாளுக்கு 8 மணி நேரம் போகலாம். "படிச்சுக்கிட்டே சம்பாதிக்கலாம்"னு ஏஜென்டுங்க போடற விளம்பரத்துக்குப் பின்னாடி இருக்கறது இந்த ஒரு விதிதான்.

சரி, எவ்வளவு சம்பாதிக்கலாம்? டோக்கியோவில குறைஞ்சபட்சக் கூலி 2025 அக்டோபர்ல மணிக்கு 1,226 யென் ஆச்சு. 28 மணி நேரத்துக்கு 34,328. வருஷத்துல 52 வாரமும், ஒரு காய்ச்சல் தலைவலி இல்லாம, ஒரு பரீட்சைக்கு லீவு போடாம வேலை செஞ்சா 17,85,056 யென். விடுமுறையில ஒரு எட்டு வாரம், வாரத்துக்கு 12 மணி நேரம் கூடுதலாப் பார்த்தா இன்னொரு 1,17,696. மொத்தம் 19,02,752. ரூபாய்க்கு மாத்திப் பார்த்து வாயைப் பொளக்கறதுக்கு முன்னாடி செலவுப் பக்கத்தையும் பாத்துடணும். வாடகை அம்பதாயிரம், சாப்பாடு முப்பத்திரெண்டாயிரம் (பாதி விலை ஸ்டிக்கர் தயவுல), கரண்ட் கேஸ் போன் எல்லாம் பதினஞ்சாயிரம், ரயில் எட்டாயிரம், மருத்துவக் காப்பீடு ரெண்டாயிரம். மொழிப் பள்ளிக் கட்டணம் வருஷத்துக்கு ஏழரை லட்சம்னு வச்சா மாசத்துக்கு அறுபத்திரெண்டாயிரத்து ஐந்நூறு. ஆக மாசம் 1,69,500, வருஷத்துக்கு 20,34,000. இது ரொம்பச் சிக்கனமாப் போட்ட உத்தேசக் கணக்கு. இதுல ஒரு சினிமா இல்ல, ஒரு ஜோடி ஷூ இல்ல, ஊருக்கு வர விமான டிக்கெட் இல்ல, அந்தச் சாவிக்குக் குடுத்த ரெண்டு லட்சமும் இல்ல.

துண்டு விழறது 1,31,248 யென்.

இந்தத் துண்டை எப்படி அடைக்கிறது? ஜப்பான் சட்டப்படி ராத்திரி 10 மணிலேர்ந்து காலைல 5 மணி வரைக்கும் செய்யற வேலைக்கு 25 சதவீதம் கூடுதல் கூலி. மணிக்கு 306 யென் சொச்சம். துண்டை அதால வகுத்தா ஏறக்குறைய 428 மணி நேரம் வருது. அதாவது வாரத்துக்கு ஒரு முழு ராத்திரிக்கும் மேல, வருஷம் பூரா. ஊர்ல வாங்கின கடனுக்குத் தவணை அனுப்பணும்னா ரெண்டாவது ராத்திரி. தங்கச்சிக்கு ஃபீஸ் கட்டணும்னா மூணாவது. இருப்புநிலைக் குறிப்புல ரெண்டு பக்கமும் சரியா வரலைன்னா பரீட்சை ஹால்ல ஒரு தொகையைப் போட்டுச் சரிக்கட்டுவோமே, அந்த மாதிரி சரிக்கட்டற தொகைதான் இந்த ராத்திரி. ரெண்டு மணிக்குச் சிக்கன் பொரிச்ச 'சாகசம்' இதுதான். அதை முடிச்சுட்டு, ரெண்டு மணி நேரம் கண்ணசந்துட்டு, ஒன்பது மணி வகுப்புல உக்காந்து காஞ்சி எழுத்து எழுதணும். வகுப்புல தூங்கி வழிஞ்சதும் கதையில காமெடி சீனாத்தான் வரும்.

ராத்திரி வேலை எங்கே கிடைக்கும்? பெரும்பாலும் கொன்பினில. 24 மணி நேரமும் திறந்திருக்கற அந்தச் சின்னக் கடை ஜப்பான்ல ஏறக்குறைய 55,000 இருக்கு. கல்லாப் பெட்டில நின்னு சோத்து உருண்டை விக்கிறது மட்டும் இல்ல வேலை. கூரியர் பார்சல் வாங்கணும், கரண்ட் பில் வரவு வைக்கணும், கண்ணாடிப் பெட்டில பலகாரம் தீர்ந்தா பொரிச்சு அடுக்கணும், கழிப்பறை கழுவணும், லாரி வந்தா சரக்கை இறக்கி அடுக்கணும், அத்தனைக்கும் நடுவுல கதவு திறக்கற ஒவ்வொரு தடவையும் மரியாதைத் தமிழுக்கே பாட்டியான மரியாதை ஜப்பானியத்துல வரவேற்கணும்.

இதுல ஒரு வேடிக்கை இருக்கு. 2019ல ஜப்பான், ஆள் பத்தாத துறைகளுக்குன்னு ஒரு புது வேலை விசா கொண்டு வந்தது. முதியோர் பராமரிப்பு, கட்டுமானம், விவசாயம், உணவகம்னு 14 துறை. 2024ல பஸ், லாரி ஓட்டறது, ரயில்வே, காட்டு வேலைன்னு இன்னும் சிலதைச் சேர்த்தாங்க. ரெண்டு தடவையும் கொன்பினிக்கு இடம் இல்ல. அதாவது, கல்லாவுல நிக்க வெளிநாட்டு ஆள் வேணும், ஆனா கல்லாவுல நிக்கன்னு விசா கிடையாது. அப்புறம் அங்க நிக்கிறது யாரு? 'மாணவன்' நிக்கிறான். வேலைக்கு ஆள் எடுக்கிறோம்னு வாயால சொல்லாம ஆள் எடுக்க இதைவிட நாசூக்கான வழி வேற கிடையாது. சட்டையில பேர்ப்பட்டை, பையில மாணவர் அட்டை.

எண்ணிக்கையைப் பாத்தாலே தெரியும். 2024 மே மாசக் கணக்குல ஜப்பான்ல வெளிநாட்டு மாணவர்கள் 3,36,708 பேர். அதே வருஷம் அக்டோபர்ல தொழிலாளர் அமைச்சகம் எடுத்த கணக்குல, வேலை பார்க்கிற வெளிநாட்டு மாணவர்கள் மட்டும் 3 லட்சத்துக்கு மேல. எடுத்த மாசம் வேற, எடுத்த முறையும் வேற, அதனால ஒண்ணுக்கு ஒண்ணு பொருத்தக் கூடாதுதான். ஆனாலும் வேலைக்குப் போகாத மாணவனை டார்ச் அடிச்சுத் தேடணும்ங்கிறது புரிஞ்சுடும்.

இது தற்செயலா நடந்ததில்ல. 1983ல நாகசோனே அரசு ஒரு லட்சம் மாணவர்கள்னு இலக்கு வச்சது, 2003ல தாண்டினாங்க. 2008ல ஃபுகுடா அரசு 2020க்குள்ள 3 லட்சம்னு வச்சது, 2019லயே தாண்டினாங்க. 2023ல கிஷிடா அரசு 2033க்குள்ள 4 லட்சம்னு வச்சிருக்கு. மூணும் தலை எண்ணிக்கைதான். அந்தத் தலை ராத்திரி எத்தனை மணி நேரம் தலையணையில இருந்ததுன்னு எந்த இலக்குலயும் இல்ல.

சரி, கஷ்ட காலத்துல இந்த மாணவனை எப்படிப் பாத்துக்கிட்டாங்க? 2020ல கொரோனா வந்து உணவகங்கள் மூடின உடனே முதல்ல போனது பகுதிநேர வேலைதான். பகல்ல படிக்கிற மாணவர்களுக்கு வேலையின்மைக் காப்பீடு கிடையாது. அது ஜப்பானியப் பசங்களுக்கும் அப்படித்தான், ஆனா அவங்க அம்மா வீட்டுக்காவது போகலாம். அந்த வருஷம் மே மாசம், கஷ்டப்படற மாணவர்களுக்கு அரசு ஒரு லட்சம் யென், வரி கட்டாத அளவுக்கு ஏழைக் குடும்பம்னா ரெண்டு லட்சம் யென் உதவின்னு அறிவிச்சது. வெளிநாட்டு மாணவர்களுக்கும் உண்டு, ஆனா அவங்களுக்கு மட்டும் கூடுதலா ஒரு நிபந்தனை: படிப்புல ஏறக்குறைய முதல் 30 சதவீதத்துக்குள்ள இருக்கணும். ராத்திரி பூரா கடையில நிக்க வச்சுட்டு, பசின்னு வந்தவன்கிட்ட மார்க் ஷீட் கேட்டாங்க! அங்கேயே எதிர்ப்பு கிளம்பிச்சு, ஜப்பானியப் பேராசிரியர்களும் மாணவர்களும் கண்டிச்சாங்க. அவங்களுக்கு இருந்த கோவம்கூட நம்ம கதைசொல்லிகளுக்கு வர மாட்டேங்குது.

ஏன் வர மாட்டேங்குது? யார் கதை சொல்றாங்கன்னு பாத்தா விடை கிடைக்கும். ஜப்பான் அரசோட உதவித்தொகையில போறவங்களுக்குக் கல்விக் கட்டணம் கிடையாது, விமானச் செலவு கிடையாது, மாசாமாசம் இளங்கலைக்கு 1,17,000 யென் கைக்கு வரும். திறமையாலதான் வாங்கினாங்க, அதுல குறை சொல்ல ஒண்ணும் இல்ல. மொத்த மாணவர்கள்ல அவங்க ரொம்பச் சின்னப் பங்கு. ஆனா எழுத நேரமும், படம் பிடிக்க நேரமும், கடைசி ரயிலைத் தவற விட்டா சிரிக்கிறதுக்குத் தெம்பும் இருக்கறது அவங்ககிட்டதான். அவனுக்கு அது ஒரு நல்ல ராத்திரி, நடந்து போனான், நிலா பாத்தான். ராத்திரி ஷிஃப்டுக்கு அதே ரயிலைத் தவற விட்டவனுக்கு அன்னிக்குக் கூலி போச்சு, அடுத்த வாரம் ஷிஃப்ட் குறைஞ்சாலும் குறையும். டாக்சில ஏறினா முதல் ஒரு கிலோமீட்டர் சொச்சத்துக்கே 500 யென், ராத்திரி ரேட்டு 20 சதவீதம் கூட. ரெண்டு பேருக்கும் ஒரே ரயில்தான் போச்சு, கதை மட்டும் ஒருத்தனோடது.

நேபாளத்துலேர்ந்தும் வியட்நாமிலேர்ந்தும் ஏஜென்டுக்குக் கடன் வாங்கிக் கொட்டிட்டு வந்த பசங்க கதையை யாரும் சாகசம்னு படம் பிடிக்கிறதில்ல. அவங்கதான் அந்த ஊர் கல்லாவுல ரொம்பப் பேர்.

"கஷ்டப்பட்டாத்தான்பா ஆளாக முடியும், நாங்கள்லாம் படாத கஷ்டமா?"ன்னு ஒரு பெரிசு இந்நேரம் எழுந்திருக்கும். அவருக்கு ஒரு பழைய மாணவரைக் காட்டலாம். சௌ என்லாய், பின்னாடி சீனாவோட பிரதமர் ஆனவர், 1917ல டோக்கியோவுக்குப் படிக்க வந்தாரு. நுழைவுத் தேர்வுல தேறினா அரசு உதவித்தொகை கிடைக்கும். 1918ல எழுதின தேர்வுகள்ல தோத்தாரு, 1919ல ஊருக்குத் திரும்பினாரு. டோக்கியோ குடுத்த கஷ்டம்தான் அவரை ஆளாக்கிச்சுன்னு இதுவரைக்கும் யாரும் சொன்னதில்ல. கஷ்டம் ஒருத்தனை ஆளாக்கினதுன்னா நாலு பேருக்குத் தெரியும். நாசமாக்கினா அவன் வீட்டுக்கு மட்டும்தான் தெரியும். அந்தப் பெரிசுகிட்ட இந்த ரெண்டாவது கணக்கு இருக்கவே இருக்காது.

"அப்ப யாருமே போகக் கூடாதா?"ன்னு அடுத்த கேள்வி வரும். போகட்டும், யார் தடுத்தா? நல்ல பேராசிரியர்கள் இருக்காங்க, நல்ல நூலகங்கள் இருக்கு, ராத்திரி ஒரு மணிக்குப் பொண்ணுங்க தனியா நடந்து ரூமுக்குப் போறாங்க, பர்ஸைத் தொலைச்சா போலீஸ் பெட்டியில போய்க் கேட்டுப் பணத்தோட திரும்ப வாங்கிட்டு வர்றாங்க. இதையும் சொல்லட்டும். கூடவே 28ஐ 1,226ஆல பெருக்கியும் சொல்லட்டும். ஒரு பெருக்கல்தான். பத்து நிமிஷம் குப்பைக் கதை சொல்றவனுக்கு அதுக்கு அரை நிமிஷம் கிடைக்காதா? அந்த அரை நிமிஷத்தைச் சொல்லாம விட்டதால, கதையைக் கேட்டு அசந்துபோய் ஒருத்தன் அப்பாவோட நிலப் பத்திரத்தைத் தூக்கிட்டு ஏஜென்ட் ஆபீசுக்குப் போறானே, அவன்கிட்ட இதைச் சாகசம்னு சொன்னது யாரு?

அவன் கணக்கைக் கடைசி வரைக்கும் யாருமே போட்டுப் பாக்க மாட்டாங்கன்னு நினைச்சுடக் கூடாது. ஒரு இடத்துல போடுவாங்க. ஷினகாவா ஸ்டேஷன்லேர்ந்து பஸ் பிடிச்சுப் போனா குடிவரவு அலுவலகம். விசாவை நீட்டிக்கப் போறவன் வகுப்பு வருகைச் சான்றிதழ், வரிச் சான்றிதழ்னு நீட்டணும். வரிச் சான்றிதழ்ல அந்த வருஷம் அவன் சம்பாதிச்ச மொத்தத் தொகை அச்சடிச்சிருக்கும். அதை மணிக்கூலியால வகுத்தா எத்தனை மணி நேரம் வேலை பாத்தான்னு வந்துடும். வாரத்துக்கு 28 தாண்டியிருந்தா விசாவை நீட்டிக்காம விடலாம். அந்தத் தொகையில எத்தனை ராத்திரி வாடகைக்குப் போச்சு, எத்தனை ராத்திரி ஃபீஸுக்குப் போச்சுன்னு எழுத அந்த ஃபாரத்துல கட்டம் கிடையாது.